நான் திருத்திய மூக்கு

செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், என் பேத்தி எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் நீ வாய் திறந்தால்தானே தெரியும்? போனில் கூப்பிட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுகிறாய். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். இரண்டு மாதமாகவா ஒரு கேமரா கெட்டுக் கிடக்கும்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது.

அப்பாவுக்கு முட்டி வலி. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்து ஏற்றி இறக்குகிற மனுஷன், நம் வீட்டு இரண்டு மாடிப் படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். தைலம் தேய்த்துவிடு என்று என்னிடம் கேட்கவும் மாட்டார். ட்யூப்பை என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஸ்டுடியோவில் ஒரு புது வேலை. முதலாளி பெரிய பிரின்டிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார், ஆள் உயரத்துக்குத் துணியிலேயே அச்சடிக்கும். அதைக் கேள்விப்பட்டு ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கல்லூரிக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி வைக்கிறாராம், இருபத்துநான்கு படம். எல்லாம் ஐரோப்பாவில் ஐந்நூறு வருடத்துக்கு முந்தி வரைந்தவை, மறுமலர்ச்சிக் காலம் என்று பெயர். நிறம் பிசகக் கூடாது, தூசி விழுந்த புள்ளிகளை மட்டும் எடுக்க வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருடமாகப் போட்டோவில் முகம் திருத்துகிறவள் நான். நெகட்டிவில் பென்சில் தீட்டிய காலத்திலிருந்து, கம்ப்யூட்டரில் பேனா பிடிக்கிற இந்தக் காலம் வரைக்கும் என் கையில் சிக்கிய பரு ஒன்றுகூடத் தப்பியதில்லை. அது உனக்கே தெரியும்.

தினமும் காலையில் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பற்றிச் சொல்வார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பாப்பு. இவ்வளவு பெரிய ஓவியர்கள், உலகமே கொண்டாடுகிறது, பெரிதாக்கிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் குறை! போட்டிசெல்லி என்பவர் கடலில் சிப்பி மேல் நிற்கிற ஒரு பெண்ணை வரைந்திருக்கிறார். கழுத்து நீளம், இடது தோள் சரிந்து எங்கேயோ போகிறது. எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தால் தோளை நிமிர்த்தித்தான் உட்கார வைத்திருப்பேன். அதைச் சொன்னதும் பேராசிரியை சிரித்துவிட்டு, நிமிர்த்திப் பாருங்க, காத்தும் நின்னுடும் அலையும் நின்னுடும் என்றார். மனசுக்குள் நிமிர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அந்தச் சரிவில்தான் முடி பறக்கிறது.

மோனா லிசாவுக்குப் புருவமே இல்லை. ஆனால் அந்த வாய் ஓரம் இருக்கிறதே, எத்தனை பெரிதாக்கினாலும் கோடு என்று ஒன்று அகப்படவில்லை. புகை மாதிரி நிழல்தான். எங்கே சிரிப்பு தொடங்குகிறது என்று தேடித் தேடி என் டீ ஆறிப்போனது. லியோனார்டோ சாமானியப்பட்ட ஆள் இல்லை. தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

பியரோ என்று ஒருவர் வரைந்த ஒரு பிரபுவின் படம். மூக்குத் தண்டில் வெட்டுப்பட்ட மாதிரி பள்ளம், கன்னத்தில் மருக்கள். ஒரு நாட்டையே ஆண்ட மனுஷன், அதையெல்லாம் எடுத்துடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா? ட்யூரர் என்பவர் இன்னும் மோசம், பெற்ற தாயையே கரியால் வரைந்து வைத்திருக்கிறார். பதினெட்டுப் பிள்ளை பெற்றவளாம், வரைந்து இரண்டு மாதத்தில் இறந்துபோனாளாம். எலும்பு, நரம்பு, சுருக்கம், ஒரு பக்கமாகப் போகிற கண், ஒன்றையும் விடவில்லை. எந்தப் பிள்ளையாவது அம்மாவை இப்படி வரைவானா? என் மனசு ஆறவே இல்லை.

நேற்று அவருக்கு வகுப்பு இருந்தது, வரவில்லை. கடைசிப் படத்தை நானே முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு தாத்தாவும் பேரனும், இருவருக்கும் சிவப்பு உடுப்பு, ஜன்னலுக்கு வெளியே மலை, வளைந்து போகிற பாதை. லட்சணமான படம்.

பேத்திக்கு மூன்று மாதம் ஆகப் போகிறது. பிரசவத்துக்கும் வர வேண்டாம் என்றுவிட்டாய், இன்னும் ஒரு போட்டோகூட வரவில்லை. ஸ்டுடியோவில் எல்லோரும் கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது? வெளிச்சம் சரியில்லை, சரியாக வரவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. எப்படி இருந்தாலும் அனுப்பு, நான் சரி பண்ணிக்கொள்கிறேன். இன்னொன்று. பாலை ஸ்பூனில் ஊட்டுகிறேன் என்று போன தடவை சொன்னாய். ஸ்பூன் எதற்கு? பிறகு அதுவே பழகிவிடும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா


ஞாயிற்றுக்கிழமை

பாப்பு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். நேற்றுக் காலை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். சொல்ல வேண்டிய ஆள் நீதான் என்பது இன்று விடிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கண்காட்சி திறப்பு. நீளமான கூடம், சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். நூறு மாணவர்கள், கல்லூரி முதல்வர், விருந்தாளிகள். எங்கள் முதலாளி தலையைப் படிய வாரிக்கொண்டு எல்லோர் கையிலும் விசிட்டிங் கார்டு திணித்துக்கொண்டிருந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், முட்டி வலியைக்கூடப் பார்க்காமல். படங்கள் சுவரில் நின்ற அழகைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. பேராசிரியை படம் படமாக நின்று பேசினார். போட்டிசெல்லியிடம் வந்ததும், இந்தத் தோளை நிமிர்த்தணும்னு இவங்கதான் சொன்னாங்க என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பெருமையில் நான் தரையிலேயே இல்லை.

பிறகு தாத்தா பேரன் படத்துக்கு வந்தார். அது மட்டும் அன்று காலைதான் ஸ்டுடியோவிலிருந்து வந்து நேராகச் சுவருக்குப் போயிருந்தது, அவர் சரிபார்க்கவில்லை. கிர்லாண்டாயோ என்பவர் வரைந்தது. படம் முழுக்க அவருக்கு மனப்பாடம் போல, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். இந்த மூக்கைப் பாருங்க என்றார். நோயில வீங்கி, முண்டும் முடிச்சுமா இருக்கு பாருங்க, இதை மறைக்கணும்னா அந்த ஓவியருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஏன் மறைக்கலை என்று கேட்டார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பினார்.

படத்தில் தாத்தாவுக்கு நேரான, வழுவழுப்பான, அழகான மூக்கு.

எனக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. வேறு படத்தை மாட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்புறம் மூக்கின் ஓரத்தில் இருந்த நிழலைப் பார்த்தேன். அது நான் வைக்கிற நிழல். கல்யாண ஆல்பத்தில் எத்தனை மாமனார்களுக்கு வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நெற்றியில் ஒரு மரு இருந்திருக்கிறது, அதுவும் இல்லை. பாப்பு, உன் தலைமேல் சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் செய்த ஞாபகமே எனக்கு இல்லை. தூசிப் புள்ளிகளை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. சிவப்பு நிறத்தைச் சரி பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மூக்கைத் தொட்டது ஞாபகம் இல்லை. மனசைக் கேட்காமல் கையே செய்து முடித்திருக்கிறது.

பேராசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, அசல் இருந்த பக்கத்தைத் திறந்து என் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார், நீங்க வேலையைக் கெடுக்கலம்மா, ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

நான் இரண்டையும் பார்த்தேன். அசலில் அந்தப் பையன் தாத்தாவின் நெஞ்சில் கை வைத்து, அந்தக் கோரமான மூக்குக்கு அத்தனை கிட்டத்தில் முகத்தை நிமிர்த்திப் பார்க்கிறான். பயம் இல்லை, அருவருப்பு இல்லை. இந்த மூக்குதான் என் தாத்தா என்கிற மாதிரி பார்க்கிறான். என் படத்திலும் அதே பையன்தான், அவனை நான் தொடவே இல்லை. ஆனால் அவன் பார்வைக்கு இப்போது அர்த்தமே இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து சும்மா அண்ணாந்து பார்க்கிறான். ஒரு மூக்கைத்தான் எடுத்தேன், அந்தப் பிள்ளையின் பாசம் முழுக்கப் போய்விட்டது.

முதலாளிக்குத்தான் கோபம். அவருக்கு யார் மேல் கோபம் என்பதே தெரியவில்லை. கஸ்டமருக்கு மூக்கை நிமிர்த்திக் கொடுத்தா கும்பிடுறாங்க, இங்க என்னடான்னா மானம் போகுது என்று வாசல் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே அலமாரியைத் திறந்து உன் ஆல்பங்களை எடுத்துக் கீழே போட்டேன்.

பதினோரு ஆல்பம். ஒன்று விடாமல் பார்த்தேன். எதிலும் உன் உதடு இல்லை.

நீ பிறந்தபோது மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. நாலாவது மாதத்தில் ஒரு ஆபரேஷன், ஐந்தாவது வயதில் ஒன்று. உதட்டிலிருந்து மூக்கு வரை அந்தத் தழும்பு, கொஞ்சம் இழுத்துக்கொண்ட மூக்கின் இடது பக்கம். தினமும் நான் முத்தம் கொடுத்த முகம் அதுதான். ஆனால் ஆல்பத்தில் இருக்கிறவள் வேறு ஒருத்தி. முதல் பிறந்தநாளிலிருந்து கல்யாணம் வரைக்கும், வழுவழு உதட்டோடு எவளோ ஒருத்தி என் மகள் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். நெகட்டிவ்களைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதிலும் என் பென்சில் தீட்டல். அசல் என்று ஒன்றைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

பரீட்சை ஹாலில் உன்னை வாசலிலேயே நிறுத்தினார்களே, போட்டோவில் இருக்கிறது நீ இல்லை என்று. அரை மணி நேரம் போய், அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாய். அந்த ஆளுக்குக் கண் அவிந்துபோச்சா என்று நான் சண்டைக்குக் கிளம்பினேன். உன் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு நீட்டினபோது, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இது யாரும்மா என்று கேட்டாய். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். ஸ்டுடியோவிலும் போய்ப் பீற்றிக்கொண்டேன். உன்னிடம் என்ன குறை கண்டேன் நான்? ஊர் வாய்க்குப் பயந்து தொடங்கினேன், பிறகு பழக்கமாகிவிட்டது, அப்புறம் கைக்குத் தெரிந்தது எனக்கே தெரியவில்லை.

போன கடிதத்தில் ஸ்பூன் எதற்கு என்று கேட்டிருந்தேன். நான் கேட்கலாமா அதை? உனக்கு நான் ஸ்பூனில்தானே ஊட்டினேன். உறிஞ்ச வராதும்மா, தலையைத் தூக்கிப் பிடிச்சு ஓரமா விடுங்க என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது. நீ ஸ்பூன் என்று சொன்ன அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிழவரின் மூக்கை எப்படித் துடைத்தேனோ அப்படியே உன் வார்த்தையையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பேத்திக்கும் அப்படித்தானா, பாப்பு?

அம்மா


வெள்ளிக்கிழமை

என் கண்ணு பாப்புவுக்கு,

நீ எழுதின நாலு வரி கிடைத்தது. ஆமாம்மா, அவளுக்கும் அப்படித்தான், அடுத்த மாதம் ஆபரேஷன், போட்டோ மட்டும் கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன். அந்த வரியை அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அன்றைக்கு ஆல்பமெல்லாம் தரையில் கிடந்தபோது நடந்ததை உனக்கு எழுதவில்லை. எழுதுகிற நிலையில் நான் இல்லை. ஒரு படம்கூட இல்லையே, என் பிள்ளை முகம் ஒன்றுகூட இல்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, அப்பா பர்ஸை எடுத்தார். லைசென்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு போட்டோவை உருவி மேஜையில் வைத்தார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் வெளுத்துப்போன போட்டோ. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உனக்கு ஆறு வயது. ஏதோ கட்டிடத்து மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள்ளே, அப்பாவின் டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாய். கன்னத்தில் கிரீஸ். முன்பல் இரண்டு இல்லை. வாய் நிறையச் சிரிக்கிறாய், தழும்பு உதட்டை ஒரு பக்கம் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. கூட வேலை பார்த்தவரின் கேமராவில் அப்பாவே எடுத்து, நம் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவராமல், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற கடையில் கொடுத்துக் கழுவியிருக்கிறார். இருபத்து மூன்று வருடம் என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்! என்னிடம் ஏன் காட்டவில்லை என்று கத்தினேன். கொடுத்தா நீ சரி பண்ணிடுவ என்றார். அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனுஷன் என்னைத் திட்டினது அது ஒன்றுதான்.

பேராசிரியை அந்தப் படத்தைக் கழற்றவில்லை. நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. சரியானதைத் திரும்ப அச்சடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டார். என் பேரை மட்டும் எங்கேயும் போடவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போய் நிற்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பார்க்கிறார்கள். நான் பையனைப் பார்க்கிறேன். அப்படியே நாலடி தள்ளி ட்யூரரின் அம்மாவிடம் போவேன். எந்தப் பிள்ளையாவது இப்படி வரைவானா என்று உனக்கு எழுதினேனே, அதை அடித்துவிடு. ஒரு சுருக்கத்தைக்கூட இழக்க அவனுக்கு மனசு வரவில்லை, அதுதான் விஷயம். சாகப் போகிறவளை அவன் முழுசாக வைத்துக்கொண்டான். கையில் இருந்த பிள்ளையை நான் தொலைத்துவிட்டேன்.

அப்பாவிடம் கெஞ்சி அந்தப் போட்டோவை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். கூடவே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார், நம்பிக்கை இல்லை. ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கினேன். என் வலது கை மூன்று தடவை பேனாவைத் தேடிப் போனது பாப்பு, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் அந்தக் கையை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் அச்சுக் கொடுத்தேன். மடிப்புக் கோடு இருக்கிறது. கிரீஸ் இருக்கிறது. உன் உதடு இருக்கிறது. அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இது யார் என்று இந்தத் தடவை நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடு. அவள் சிரிக்கும்போது எடு. அந்தப் பிளந்த உதட்டுச் சிரிப்பு ரொம்ப அகலமானது, அடுத்த மாதத்துக்கு அப்புறம் அது வராது. நீயும் அப்படித்தான் சிரித்திருப்பாய். அந்த நாலு மாதமும் வீட்டுக்குள் ஒரு கேமராவை நான் விடவில்லை. இப்போது எத்தனை நினைத்துப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வரவில்லை. நாளைக்கு அவள் வளர்ந்து நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், எடுத்துக் காட்ட உன்னிடம் ஒன்று இருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தும் கொஞ்ச நாள் ஸ்பூன்தான் இருக்கும். தலையைத் தூக்கிப் பிடிக்கிற விதம் என் கைக்கு மறந்திருக்காது. இந்தக் கை அதையாவது செய்யட்டும். நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, கேமரா இல்லாமல், பேனா இல்லாமல், வெறுங்கையோடு வருகிறேன். வராதே என்றாலும் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பையன் பார்க்கிற மாதிரி கிட்டத்தில் வைத்துப் பார். என் பங்குக்கும் சேர்த்துப் பார்.

நீங்கள் மூன்று பேரும், இருக்கிறபடியே, நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா